பாரம் இறக்கிய நெஞ்சு

பாரத்தை அரங்கனிடம் இறக்கிவைத்தவன் மார்பில் கைவைத்து உறங்கலாம் என்பது ஸ்ரீவைஷ்ணவப் பெரியோர் வழக்கு. அப்படிச் சொல்லிக்கொடுத்த ஆசாரியர்கள் இருவருக்கு 1323-இல் உறங்க இடமே இல்லாமல் போயிற்று. தில்லியிலிருந்து வந்த உலூக்கானின் படை திருவரங்கத்துள் புகுந்த ஆண்டு அது. சரணாகதி தரும் நிம்மதி எத்தகையது என்பதை அன்று அவர்கள் நடந்துகொண்ட விதமே காட்டும்.

கோயிலொழுகும் குருபரம்பரை நூல்களும் அந்நாட்களை விரித்துரைக்கின்றன. மூலவர் பெரிய பெருமாளைக் கல்திரையிட்டு மறைத்தார்கள். உற்சவர் அழகிய மணவாளரை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே புறப்பட்டார் 'ஸ்ரீவசனபூஷணம்' இயற்றிய பிள்ளை லோகாசாரியர். அப்போது அவருக்கு வயது நூறுக்கு மேல் என்பது மரபு. வழியில் கள்வர்கள் திருவாபரணங்களைப் பறித்தபோது, தம்மிடம் எஞ்சியதையும் அவர்களிடமே கொடுத்துவிட்டு நடந்தாராம். மதுரைக்கருகே ஜோதிஷ்குடியில், இன்றைய கொடிக்குளத்தில், பெருமாளை மறைவாக வைத்து ஆராதனை நடத்தினார், அங்கேயே பரமபதித்தார். கடைசி நாட்களில் அவர் நினைவெல்லாம், மதுரையில் அரசு அலுவலில் ஆழ்ந்துவிட்ட திருமலையாழ்வாரை எப்படியாவது சம்பிரதாயப் பணிக்குத் திருப்ப வேண்டும் என்பதிலேயே இருந்தது. அந்தத் திருமலையாழ்வார்தான் பின்னாளில் மணவாள மாமுனிகளுக்கு ஆசாரியரான திருவாய்மொழிப் பிள்ளை.

அதே கலகத்தில் வேதாந்த தேசிகரிடம் வந்து சேர்ந்தது வேறொரு பொறுப்பு. ஸ்ரீபாஷ்யத்துக்குத் தாம் எழுதிய 'சுருதப்பிரகாசிகை' ஏட்டையும் தம் பிள்ளைகள் இருவரையும் சுதர்சன சூரி அவரிடம் ஒப்படைத்தார். வெட்டுண்டு கிடந்த உடல்களுக்கு நடுவே இரவெல்லாம் பிள்ளைகளோடு பிணம்போல் கிடந்து, படை நகர்ந்த பின் மேற்கே கன்னட நாட்டுக்குப் போனார் என்கிறது மரபு. திருவரங்கத்தின் அச்சம் நீங்க வேண்டி அவர் பாடியதே 'அபீதிஸ்தவம்'.

சரணாகதியின் இயல்பு பற்றி இருவர் கொள்கையும் ஒன்றல்ல. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி என்று முறையே வடகலை, தென்கலை வேறுபாட்டைப் பின்னாளில் விளக்கினார்கள். ஆனால் ஆபத்து வந்தபோது ஒருவர் விக்கிரகத்தைச் சுமந்தார். மற்றவர் ஏட்டைச் சுமந்தார். 'அவன் பார்த்துக்கொள்வான்' என்று கைகட்டி உட்கார்ந்தவர் எவருமில்லை.

ஊர் ஊராக மாறிச் செஞ்சி வந்து சேர்ந்திருந்த பெருமாளை, 1371-இல், விசயநகரத் தளபதி கோபண்ணர் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார். சக ஆண்டு 1293-இன் கல்வெட்டு அதைச் சொல்கிறது. நாற்பத்தெட்டு ஆண்டுகளில் ஒரு தலைமுறையே மாறியிருந்தது; சந்நிதியில் வேறொரு உற்சவரும் இருந்தார். எவர் பழைய பெருமாள்? பெருமாளின் ஆடைகளை முன்பு வெளுத்துவந்த, இப்போது கண்ணிழந்த முதியவர் ஒருவரை அழைத்தார்கள். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து, நனைந்த ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தை அவர் கையில் வார்த்தார்கள். சுவைத்துப் பார்த்தவர், திரும்பி வந்தவரைக் காட்டி 'இவரே நம்பெருமாள்' என்றார். ஊரும் ஒப்புக்கொண்டது.

பிள்ளை லோகாசாரியர் அந்நாளைக் காணவில்லை. காண்போம் என்ற உறுதியோடும் அவர் ஊரைவிட்டுப் புறப்படவில்லை. பலனை அரங்கனிடம் விட்டபின் அவர் பங்குக்கு மிஞ்சியது, அன்றன்றைய ஆராதனையும் அடுத்த தலைமுறைக்கான ஆள் தேடலும். அவற்றில் பதற்றமில்லை, சலிப்புமில்லை. நோயோ வழக்கோ வறுமையோ தீரவேண்டும் என்று சந்நிதியில் கைகூப்பும் நமக்கும் இதில் பாடமுண்டு. துன்பம் தீர்ந்த பிறகு வரும் அமைதிக்குப் பக்தி தேவையில்லை. அது தீராதபோதும் இன்றைய கைங்கர்யத்தை இன்று செய்யவைப்பதே பக்தி தரும் அமைதி.