ஓரத்தில் எழுதியவர்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தவனுக்கு மனம் சும்மா இருக்காது. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் அது தெரியும். காலையில் பேப்பர் படித்து முடித்ததும் பழைய ஃபைல்கள் எல்லாம் தலைக்குள் வந்து நிற்கும். நான்கரை நூற்றாண்டுக்கு முன் பிரான்சில் ஒருவருக்கு இதே தொல்லை வந்தது. அவர் மிஷேல் தெ மோந்தேய்ன். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் அவர் பெயர் அடிக்கடி அடிபடும். ஆனால் நான் அவரை ஊன்றிப் படித்தது பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகுதான்.

1533இல் பிறந்தவர். போர்தோ நகரத்து நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்தார். 1570இல் அந்தப் பதவியை விற்றுவிட்டார். அந்நாளில் அங்கே பதவியை வாங்கவும் விற்கவும் முடியும். 1571 பிப்ரவரி 28, அவருக்கு 38 வயது நிறைந்த நாள். இனி ஓய்வு என்று லத்தீனில் சுவரில் எழுதி வைத்துவிட்டுத் தன் வீட்டுக் கோபுரத்து நூலகத்தில் போய் உட்கார்ந்தார். உயிர் நண்பர் லா போயத்தி 1563லேயே போய்விட்டார். வெளியே கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் சண்டை.

அமைதி கிடைக்கும் என்று நினைத்தார், கிடைக்கவில்லை. மனம் அறுத்துக்கொண்ட குதிரை மாதிரி ஓடியது. அந்த ஓட்டத்தை எழுதி வைத்தால், ஒருநாள் மனம் அதைப் பார்த்துத் தானே வெட்கப்படும் என்று தொடங்கியதுதான் அவருடைய ‘எஸ்ஸே’. அந்தச் சொல்லுக்குச் சோதித்துப் பார்ப்பது என்று பொருள்.

நம் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளையும் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அதில் கவர்னர், வியாபாரம், யுத்தம் என்று ஊர் முழுவதும் இருக்கிறது. மோந்தேய்ன் தன்னையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டார். ஞாபக சக்தி கிடையாது, உயரம் குறைவு, அவசரமாகச் சாப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வேன், சில சமயம் விரலையும் கடிப்பேன் என்று எழுதுகிறார். முள்ளங்கி முதலில் ஒத்துக்கொண்டதாம், பிறகு ஒத்துக்கொள்ளவில்லையாம், மறுபடியும் ஒத்துக்கொண்டதாம். அடுத்த நூற்றாண்டில் பாஸ்கல் இதை மடத்தனமான வேலை என்று சாடினார். நான் பாஸ்கல் கட்சி இல்லை. நான் நேர்மையானவன், தைரியசாலி என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாம். முள்ளங்கி விஷயத்தில் வயிறு ஏமாறாது. சின்ன விஷயத்தில் உள்ளதைச் சொல்லிப் பழகினால்தான் பெரியதற்கு வாய் வரும்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. நூல் 1580இல் வெளிவந்தது, 1588இல் பெருக்கப்பட்டது. அதன் பிறகு அச்சான பிரதியின் ஓரங்களிலேயே கடைசிவரை எழுதிக்கொண்டே இருந்தார். பழைய கருத்து மாறினாலும் பெரும்பாலும் அதை அடிப்பதில்லை. பக்கத்தில் புதியதைச் சேர்த்துவிடுவார். ஆபீஸில் நோட் ஷீட் பார்த்தவர்களுக்கு இது புரியும். முன்னவர் எழுதிய குறிப்பை நாம் அழிப்பதில்லை, கீழே நம் குறிப்பைப் போடுகிறோம். இவருக்கு முன்னவரும் பின்னவரும் ஒரே ஆள்.

ஆனால் எல்லாவற்றையும் அந்தக் ஃபைலில் போட்டாரா? 1581 முதல் 1585 வரை அவர் போர்தோவின் மேர். பதவி முடியும் வேளையில் நகரத்தில் பிளேக். ஊருக்கு வெளியே இருந்த அவர், இந்த நிலையில் நான் உள்ளே வரத்தான் வேண்டுமா என்று நகர சபைக்குக் கடிதம் எழுதினார், கடைசியில் போகவில்லை. அந்தப் பிளேக்கில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு இடம் இடமாக அலைந்ததை நூலில் விரிவாகவே எழுதுகிறார். அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கோழை என்று திட்டியவர்கள் உண்டு; குடும்பஸ்தன் வேறென்ன செய்வான் என்று பரிந்து பேசியவர்களும் உண்டு. போகாததை நான் குற்றமாக நினைக்கவில்லை. முள்ளங்கியைக்கூட விடாதவர் இதை விட்டுவிட்டாரே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

1592இல் காலமானார். ஓரமெல்லாம் அவர் கையெழுத்து நிறைந்த அந்தப் பிரதி இன்றும் போர்தோ நூலகத்தில் இருக்கிறது. பின்னாளில் பைண்டிங் செய்தவர் தாளின் விளிம்பை வெட்டியதில் சில வரிகளின் நுனிச் சொற்கள் போய்விட்டன. ரிக்கார்டு ரூமில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்த பைண்டர் மேல்தான் கோபம்.