கோடு கலையாமல் இருக்க எருமைப்பால்!

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. செமஸ்டர் பரீட்சை ஒரு காரணம். இன்னொரு காரணம், வீட்டில் நடந்த ஒரு சின்ன கலவரம்.

என் தங்கை ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்காக நம்ம அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரத்தைப் பதினோரு நிலையும் விடாமல் பேனாவால் வரைந்திருந்தாள். நாலு நாள் வேலை. "அசல்ல கலர் அடிச்சுக் கெடுத்துடாதே, ஜெராக்ஸ் எடுத்து அதுல அடிக்கலாம்" என்று ஐடியா கொடுத்த மகான் அடியேன்தான். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு கடையில் கெட்டித் தாளில் ஒரே ஒரு பிரதி எடுத்து வந்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆல்கஹால் மார்க்கரைத் திறந்து முதல் நிலையில் சந்தன நிறத்தை ஓட்டினேன். கறுப்புக் கோடும் கூடவே கிளம்பி வந்துவிட்டது! துடைத்தால் இன்னும் மோசம். மூன்று நிலை முடிவதற்குள் கோபுரம் மழையில் நனைந்த சாம்பல் மூட்டை மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் காலை கண்காட்சி. கடை பூட்டியாச்சு. தங்கை வெறும் கறுப்பு வெள்ளை அசலோடு போனாள். அதற்குப் பிறகு ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சரி, கோட்டை முதலில் போட்டுவிட்டு அதன் மேல் ஈரமான நிறத்தைப் பூசினால் கோடு கலையாமல் இருக்க என்ன வழி? இந்தக் கேள்வியோடு தேட ஆரம்பித்தவன் கடைசியில் போய் நின்றது 1742-ஆம் வருஷத்தில். அதுவும் எங்கோ இல்லை, நம்ம ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் புதுச்சேரிப் பக்கம்.

அப்போது ஐரோப்பாவே நம்ம கரையோரத்துச் சித்திரத் துணிக்குப் பைத்தியமாக இருந்தது. எந்த அளவுக்கு என்றால், சொந்த நாட்டு நெசவாளர்கள் பிழைக்க வேண்டும் என்று பிரான்ஸ் 1686-லேயே அந்தத் துணிக்குத் தடை போட்டது. அந்தத் தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தும் 1721-ல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தக்கூடாது என்றே சட்டம் கொண்டுவந்தது. ஜனங்கள் கேட்டால்தானே! அவர்களுக்குப் புரியாத விஷயம் ஒன்றுதான்: இந்தத் துணியை எத்தனை தடவை துவைத்தாலும் நிறம் ஏன் போவதில்லை, கோடு ஏன் கலைவதில்லை?

அந்த ரகசியத்தைத் தெரிந்துகொள்ள ஆள் மேல் ஆள் முயன்றார்கள். 1734 வாக்கில் பொலியு என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சித்திரக்காரர் பக்கத்திலேயே இருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தத் துண்டுகள் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1742-ல் கேர்து என்ற இயேசு சபைப் பாதிரியார், இந்தத் தொழில் தெரிந்த கிறிஸ்தவர்களிடம் கேட்டறிந்து, செய்முறை முழுவதையும் பிரான்சுக்குக் கடிதமாக எழுதினார். அது அச்சாகி ஐரோப்பா முழுக்கப் பரவியது. (சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு இருக்கிறது என்று வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே எழுதியவரும் இதே கேர்துதான்!) எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலான இடம் இதுதான். கடிதம் பாதிரியார் பெயரில் நிலைத்துவிட்டது. சொல்லிக் கொடுத்தவர்களை யாருக்கும் தெரியாது.

கடிதத்தில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? கடுக்காயும் எருமைப்பாலும்!

துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறப்போட்டுக் காயவைக்க வேண்டும். பாலில் உள்ள கொழுப்புதான் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கிறது. துணி இழையில் மை ஓடிப் பரவாமல் அது தடுத்து நிறுத்துகிறது. பசும்பாலைவிட எருமைப்பாலில் கொழுப்பு அதிகம் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. மீதிப் பாதி கடுக்காயின் துவர்ப்பில் இருக்கிறது. துருப்பிடித்த இரும்பைப் போட்டுப் புளிக்கவைத்த கரைசல்தான் கோடு போடும் மை. அதைத் தொட்டு வரையும்போது இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து இழைக்குள்ளேயே கறுப்பாக மாறிவிடும். அந்தக் கறுப்பு தண்ணீரில் கரையாது. கவனியுங்கள், கோடு துணியின் மேல் உட்காரவில்லை, துணிக்கு உள்ளேயே பிறக்கிறது. அதனால்தான் அதற்கப்புறம் படிகாரம் தடவி, சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்து, சாணத் தண்ணீரில் அலசி, வெயிலில் வெளுத்து, மெழுகு பூசி நீலத் தொட்டியில் முக்கி எடுத்தாலும் கோடு அசையவே இல்லை. காளஹஸ்தியிலும், கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கலம்காரி வேலை இன்னும் நடக்கிறது. கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இப்போது நம்ம ஜெராக்ஸுக்கு வருவோம். இங்கே கதை நேர் எதிர். செஸ்டர் கார்ல்சன் 1938-ல் நியூயார்க்கில் கண்டுபிடித்த இந்த முறையில் மையே கிடையாது. டோனர் என்பது பிளாஸ்டிக் கலந்த கறுப்புத் தூள். மின்சாரத்தால் தாளில் ஒட்டவைத்து, சூட்டில் உருக்கிப் பதிக்கிறார்கள். அதாவது கோடு தாளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்து மார்க்கர்கள் பலவற்றில் இருந்த சைலீன் மாதிரிக் கரைப்பான்கள் இந்தப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். படத்தைப் பிரதி எடுத்து வண்ணம் தீட்டிய டிசைனர்களுக்கு இது பெரிய தலைவலி. அதற்காகவே ஜப்பானில் 1987-ல் டோனரைக் கரைக்காத ஆல்கஹால் மார்க்கர் ஒன்று வந்தது. பெயர் காப்பிக். நாம் குடிக்கிற காப்பி இல்லீங்க, காப்பி எடுக்கிற காப்பி!

அப்புறம் ஏன் என் கோபுரம் கலைந்தது? எல்லா டோனரும் ஒன்றில்லை, எல்லா மார்க்கரும் ஒன்றில்லை. கெட்டித் தாள் சூட்டை இழுத்துக்கொள்வதால் தூள் சரியாக உருகாமல் மேலாக்கில் நின்றுவிடும். ஈர முனையால் நாலு தடவை தேய்த்தால் பெயர்ந்து வரத்தான் செய்யும். அடுத்த வாரம் வேறு பிரதி எடுத்து, மேலே வெள்ளைத் தாள் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு, ஆறவிட்டு, ஓரத்தில் சோதித்துவிட்டு, ஒரே இழுப்பில் லேசாக அடித்தேன். கோடு பெரும்பாலும் நின்றது. வெளிர் நிறங்களில் மட்டும் கொஞ்சம் அழுக்கு தெரிந்தது.

தங்கைக்கு அதில் திருப்தி இல்லை. "அந்தப் பால் கதையைச் செஞ்சு பாரு" என்றாள். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் (ஜவ்வாது மலையிலேயே விளைகிறது), பழைய ஆணி, வெல்லம். மூன்று வாரம் மொட்டை மாடியில் ஒரு டப்பா புளித்தது. பிறகு அப்பாவின் பழைய வேட்டித் துண்டில் அவளே குச்சியால் ஒரு நிலை மட்டும் வரைந்தாள். வெளிறிய பழுப்பாக இறங்கிய கோடு கண்ணெதிரே கறுத்தது! காய்ந்ததும் என் ஆல்கஹால் மார்க்கரை வாங்கி, என்னைப் பார்த்துக்கொண்டே வேண்டுமென்றே அழுத்தி நாலு தடவை தேய்த்தாள். கோடு அப்படியே இருந்தது. டப்பாவை மட்டும் அம்மா இன்னும் வீட்டுக்குள் விடவில்லை. அப்படி ஒரு நாற்றம்.