கண்ணாடிப் பனிக்குள் நகரும் மூலக்கூறு

1980களின் தொடக்கத்தில் ஹைடல்பர்க் நகரில் ழாக் துபோஷேயின் குழுவினர், நீரைப் படிகமாக விடாமல் கண்ணாடி நிலையில் உறையவைத்து, அதனுள் வைரஸ்களை இயல்பு வடிவம் கெடாமல் படம்பிடித்ததோடு கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியியல் உறுதியாகக் காலூன்றியது. ஆனால் கோட்பாடு கணித்ததைவிடப் படங்கள் மிகவும் மங்கலாகவே இருந்தன. எலக்ட்ரான் கற்றை படும்போதே மாதிரி அசைந்துவிடுவதுதான் இதற்கு முக்கியக் காரணம் என ரிச்சர்ட் ஹெண்டர்சனும் ராபர்ட் கிளேசரும் 1985இலேயே சுட்டினர். எனினும் கதிர் படும் நேரம் முழுவதையும் ஒரே படமாகத் திரட்டிவிடும் புகைப்படச் சுருளைக் கொண்டு அந்த அசைவைத் திருத்த வழியில்லை.

எலக்ட்ரான்களை ஒளியாக மாற்றாமல் நேரடியாகப் பதிவுசெய்யும் வேகமான உணரிகள் வந்த பிறகே அந்த வழி திறந்தது. ஒரு படத்துக்குரிய கதிரளவைப் பல பிரேம்களாகப் பகிர்ந்து, அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி அசைவை நீக்கிக் கூட்டும் முறையால், 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் யீஃபான் செங், டேவிட் அகார்ட் குழுவினர் புரோட்டியசோம் என்னும் புரதத் தொகுதியின் வடிவத்தை ஏறத்தாழ 3.3 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் கண்டனர்.

எத்தனை பிரேம்களாகப் பகிர்வது என்பதே அதன்பின் எழுந்த கேள்வி. இத்துறையின் வெற்றியில் அதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்றே சொல்ல வேண்டும். சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு 40 எலக்ட்ரான்கள் என்ற மொத்த அளவை 40 பிரேம்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு ஓர் எலக்ட்ரான் கிடைக்கும். ஒரு பிரேமுக்கான அளவை அதைவிட மிகக் குறைத்தால் இரைச்சலில் உருவம் மறைந்து பிரேம்களைப் பொருத்தும் கணக்கு தடுமாறும், கூட்டினாலோ ஒரு பிரேமுக்குள்ளேயே அசைவு நிகழ்ந்து மங்கல் நிலைத்துவிடும். மேலும், உறையும்போது பனிப்படலத்தில் தேங்கிய இறுக்கம் கதிர் பட்டவுடன் தளர்வதால், கதிர்ச் சேதம் மிகக் குறைவான முதல் சில எலக்ட்ரான்களின் போதுதான் அசைவு மிக வேகமாக இருக்கிறது. அதாவது மூலக்கூறு சிதையாமல் இருக்கும் அரிய தருணமே மிகவும் மங்கிப்போகிறது. பிரேம்களை நுணுக்கமாகப் பிரிப்பதன் மதிப்பு இங்குதான் மிகுதி.

ஒவ்வோர் எலக்ட்ரானும் விழுந்த இடத்தையும் நேரத்தையும் தனித்தனியே சேமிக்கும் ஈஈஆர் என்னும் கோப்பு வடிவம் 2020 வாக்கில் புழக்கத்துக்கு வந்தபோது, படமெடுக்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டியிருந்த இந்தப் பகிர்வு, எடுத்த பின்னரும் மாற்றத்தக்கதாயிற்று. ஆயினும் கணக்கிடும் வேளையில் அந்தப் பதிவுகளைப் பிரேம்களாகத் தொகுக்க வேண்டியிருப்பதால், அளவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இன்றும் ஆய்வாளரிடமே இருக்கிறது.