வழிநூலாக வந்த இசைத்தட்டுகள்

முன்னோர் நூலொன்றைப் பின்னோர் எடுத்தாளும் முறைகளைத் தமிழ் இலக்கண நூலார் நுணுகி ஆராய்ந்துள்ளனர். தொல்காப்பிய மரபியல், நூலினை முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகிறது. நன்னூலார் சார்புநூல் என மூன்றாவதொன்றனையும் கூறி, முதல்நூலோடு ஒருபுடை ஒத்தும் பிறவாற்றான் வேறுபட்டும் நிற்றல் அதன் இயல்பு என்பர். இப்பாகுபாடு ஏட்டில் எழுதப்படும் நூல்களுக்கென வகுக்கப்பட்டது. ஆயினும், கடந்த அரை நூற்றாண்டாக மேலைநாட்டு இசைக்குழுவினர் தம் முன்னோரின் காப்பியங்களையும் நாவல்களையும் இசைத்தட்டுகளாக ஆக்கிவரும் முயற்சியை அளந்தறிதற்கும் இவ்வளவுகோல் பயன்படும் என்பது எம் கருத்து.

அம்முயற்சிகளுள் ஒன்றே ஈண்டு ஆய்வுக்குரியது. டெத் மெட்டல் எனப்படும் கடுமிசையும் அதனை ஒட்டிய பிரிவுகளும் இலக்கியப் பேரேடுகளைத் தழுவி ஆக்கிய தட்டுகளையே யாம் எடுத்துக்கொண்டோம். காரணம் ஒன்று உண்டு. இவ்விசையில் பாடுவோர் குரல் உறுமலாக ஒலிக்கும். சொற்கள் செவிக்கு எளிதில் புலப்படா. சொல் கேளாத பாட்டு, சொல்லாலேயே ஆகிய நூலொன்றுக்கு எங்ஙனம் வழிநூல் ஆகும்? இவ்வினாவிற்கு விடை கிடையாதெனின், தட்டின் உறையில் பொறிக்கப்படும் பெரும்புலவர் பெயர் வெறும் அணியாகவே முடியும்.

நீண்ட இசைத்தட்டின் வருகை

ஒரு கதையை இசைத்தட்டில் தொடர்ந்து சொல்லுதற்கு முதற்கண் இடம் வேண்டும். நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய தட்டின் ஒரு புறம் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். 1948இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நீண்ட தட்டை வெளியிட்டது. அதன் ஒரு புறம் இருபது நிமிடத்திற்கு மேலும் ஒலித்தது. தொடக்கமுதல் இறுதிவரை ஒரே கதையையோ கருத்தையோ பற்றிச் செல்லும் தட்டினை ஆங்கிலத்தார் கான்செப்ட் ஆல்பம் என்பர். அதற்கு நிலைக்களன் அமைத்துத் தந்தது இந்நீண்ட தட்டே.

நூலொன்றைத் தழுவிய தட்டுகள் 1970களில் முற்போக்கு ராக் இசையாளரிடையே பெருகின. பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல் வெர்ன் 1864இல் எழுதிய, நிலநடுவத்திற்குச் செல்லும் பயணக் கதையை ஆங்கிலேயரான ரிக் வேக்மன் இசையாக்கினார். 1974 சனவரியில் இலண்டன் ராயல் பெஸ்டிவல் மண்டபத்தில் இலண்டன் சிம்பொனி இசைக்குழுவும் பாடகர் குழுவும் துணைசெய்ய அது நேரடியாகப் பதிவு செய்யப்பட்டது. கதையை விளங்க வைக்க, இடையிடையே உரைசொல்வோர் ஒருவரை வேக்மன் அமைத்துக்கொண்டார். மறுஆண்டு கேமல் என்னும் குழு, பால் காலிகோவின் பனிவாத்துக் கதையை ஒரு சொல்லும் பாடாது கருவியிசையாலேயே ஆக்கிற்று. நூலாசிரியர் தரப்பின் மறுப்பினால், அக்கதையால் தூண்டப்பெற்ற இசை என்று தட்டின் தலைப்பை மாற்ற நேர்ந்தது. தழுவல் எது, தூண்டுதல் எது என்னும் வழக்கு அன்றே எழுந்தது என்பது கருதத்தக்கது. இவ்விரு தட்டுகளும் இரு நெறிகளைக் காட்டின. வேக்மன் சொல்லைக் கூட்டினார். கேமல் குழுவினர் சொல்லை நீக்கினர்.

மெட்டல் இசையில் இந்நெறிக்கு வழிகாட்டியது அயர்ன் மெய்டன் குழு. கோல்ரிட்ஜ் 1798இல் வெளியிட்ட முதுமாலுமியின் கதைப்பாடலை அக்குழு 1984இல் பதின்மூன்று நிமிடத்திற்கு மேல் நீளும் ஒரே பாட்டாகப் பாடிற்று. ஆயினும் அது முழுத்தட்டன்று. அதன் சொற்களும் தெளிவாகக் கேட்பன.

டெத் மெட்டலும் அதன் விரிவும்

டெத் மெட்டல் 1980களின் நடுவில் அமெரிக்காவில் தோன்றிற்று. கலிபோர்னியாவின் பொசெஸ்டு குழு 1985இலும், சக் ஷுல்டினர் தலைமையில் புளோரிடாவில் எழுந்த டெத் குழு 1987இலும் வெளியிட்ட முதல் தட்டுகளை இவ்வகைக்கு அடிப்படை என்பர். சுருதி தாழ்த்திய கிதார்கள், இரு காலாலும் மிதித்து முழக்கும் டிரம்ஸ், அடிவயிற்றினின்று எழுவது போன்ற உறுமல் என்பன இதன் இயல்புகள். இவ்வுறுமலில் மெய்க் குரல்நாண்களுக்கு மேலுள்ள போலிக் குரல்நாண்களும் அதிர்கின்றன. ஆதலின் இசைச்சுரம் மறைந்து ஓசையே மிகுகிறது. தொடக்கத்தில் இக்குழுவினர் சாவும் பிணமும் பற்றியே மிகுதியும் பாடினர்.

1991இல் ஒரு திருப்பம் ஏற்பட்டது. அவ்வாண்டு டெத் குழுவின் ‘ஹியூமன்’ என்னும் தட்டும், அதே புளோரிடாவைச் சேர்ந்த ஏதீஸ்ட் குழுவின் தட்டும் வெளிவந்தன. மாறிவரும் தாள அமைப்புகளும் ஜாஸ் இசையின் நுட்பங்களும் அவற்றில் இடம்பெற்றன. இங்ஙனம் விரிந்ததே முற்போக்கு டெத் மெட்டல். சுவீடன் நாட்டின் எட்ஜ் ஆஃப் சேனிட்டி குழு 1996இல் நாற்பது நிமிடம் நீளும் ஒரே பாட்டை ‘கிரிம்சன்’ என்னும் தட்டாக வெளியிட்டது. குழந்தை பிறவாத எதிர்காலத்து மாந்தர் நிலை அதன் கதை. அந்நாட்டின் ஓப்பெத் குழு 1998, 1999 ஆகிய ஈராண்டுகளிலும் முழுக்கதை கூறும் தட்டுகளை அளித்தது. உறுமலோடு இனிய குரலையும் மாற்றி மாற்றி வைத்தது. இவை யாவும் குழுவினர் தாமே புனைந்த கதைகள். எனினும், நெடுங்கதையைத் தாங்கும் வலிமை இவ்விசைக்கு உண்டு என்பதை இவை நிறுவின. இதன் பின்னரே பேரிலக்கியத்தை எடுத்தாளும் துணிவு பிறந்தது.

ஒரு நாவலும் இரு தட்டுகளும்

ஹெர்மன் மெல்வில் எழுதிய ‘மோபி டிக்’ 1851இல் வெளிவந்தது. தன் காலைப் பறித்த வெண்திமிங்கிலத்தைப் பழிவாங்கப் புறப்பட்டுக் கப்பலையும் மாலுமிகளையும் அழிவுக்கு உள்ளாக்கும் ஆகாப் என்னும் தலைவனின் கதை அது. 135 அதிகாரங்களும் ஒரு முடிவுரையும் கொண்டது. இலண்டனில் முதற்கண் வெளிவந்த பதிப்பில் அம்முடிவுரை விடுபட்டுப் போயிற்று. கதைசொல்லும் இஷ்மேல் உயிர் தப்பியதைக் கூறும் பகுதி அதுவே. ஆதலின், எல்லோரும் மூழ்கினரேல் இக்கதையைச் சொல்பவன் யார் என்று ஆங்கிலத் திறனாய்வாளர் சிலர் குறைகூறினர். மெல்வில் 1891இல் இறந்தபொழுது ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தார். 1920களிலேயே அவர் புகழ் மீண்டது.

இந்நாவலை இரு குழுவினர் ஈராண்டு இடைவெளியில் எடுத்தாண்டனர். அமெரிக்க அட்லாண்டா நகரத்து மாஸ்டோடான் குழுவின் ‘லெவியாதான்’ 2004இல் வந்தது. இது முழுமையும் டெத் மெட்டல் அன்று. கடுங்குரலும் முற்போக்குத் தாள அமைப்பும் கலந்தது. மெல்வில் தம் நாவலின் பதினான்காம் அதிகாரத்தில் திமிங்கிலத்தைக் கடலின் மாஸ்டோடான் என்று உருவகிக்கிறார். குழுவின் பெயர் நாவலிலேயே அமைந்திருந்தது ஒரு நற்பொருத்தம். ஏறத்தாழ 46 நிமிடம் ஓடும் இத்தட்டில் வேட்டை வெறியோடு தொடங்கும் முதற்பாட்டும், ஆகாபின் பெயரைத் தாங்கிய பாட்டும், இறுதியை அடுத்து நிற்கும் பதின்மூன்று நிமிடப் பாட்டும் கடற்கதையைச் சார்ந்தன. ஆயின் யானை மனிதன் எனப்பட்ட ஜோசப் மெரிக்கின் பெயரைச் சூடிய இசையும் இதில் உண்டு. நாவலின் அதிகார வரிசையை இது பின்பற்றவில்லை. நாவலின் வெறியையும் நீரின் பேராற்றலையும் மட்டும் எடுத்துக்கொண்டது. ஆதலின் இதனைச் சார்புநூல் எனக் கோடலே பொருந்தும்.

செருமனியில் 2004இல் தோன்றிய குழுவோ ஆகாப் என்பதையே தன் பெயராகக் கொண்டது. அதன் முதல் முழுத்தட்டான ‘தி கால் ஆஃப் தி ரெச்சட் சீ’ 2006இல் வெளிவந்தது. டெத் மெட்டலின் உறுமலை மிகுந்த விளம்பநடையில் அமைக்கும் பியூனரல் டூம் என்னும் பிரிவைச் சார்ந்தது இக்குழு. இதன் பாடல்களுள் மூன்று, நாவலின் அதிகாரப் பெயர்களையே தலைப்பாகக் கொண்டவை: ஒன்பதாம் அதிகாரமான சமயச் சொற்பொழிவு, ஐம்பத்தைந்தாம் அதிகாரமான திமிங்கிலங்களின் பொருந்தா ஓவியங்கள், நூற்றுப்பதினோராம் அதிகாரமான பசிபிக் பெருங்கடல். வேட்டை என்னும் தலைப்புடைய பாட்டும் இதில் உண்டு. நாவலின் இறுதி மூன்று அதிகாரங்களும் வேட்டையே. சிலவற்றைத் தொகுத்து, தொகுத்தவற்றை நெடிது விரித்தலின் இதனைத் தொகைவிரி என்னும் வழிநூல் எனலாம்.

இக்குழு இன்னும் ஓரடி மேற்சென்றது. மெல்வில் கதைக்குத் தூண்டுகோலாக நின்றது, 1820இல் எசெக்ஸ் என்னும் கப்பலைத் திமிங்கிலம் மோதி மூழ்கடித்த உண்மை நிகழ்ச்சி. 2009இல் வந்த இரண்டாம் தட்டுக்கு அதுவே பொருள். முதல்நூலின் முதலைத் தேடிச் சென்ற செயல் ஆராய்ச்சியாளர் செயலை ஒத்தது. பின்னர் 2012இல் எட்கர் ஆலன் போவின் ஒரே முழுநாவலும், 2023இல் வெர்னின் ஆழ்கடல் நாவலும் இக்குழுவினரின் தட்டுகளாயின.

தாந்தேயின் காப்பியம்

பிரேசில் நாட்டின் செபல்டூரா குழு 2006இல் ‘தாந்தே இருபத்தொன்று’ என்னும் பொருள்படும் தலைப்பில், தாந்தேயின் பெருங்காப்பியத்தை இருபத்தோராம் நூற்றாண்டுக்கு உரியதாக ஆக்க முயன்றது. காப்பியம் நரகம், கழுவாய் உலகம், துறக்கம் என முப்பகுதிகளை உடையது. முறையே 34, 33, 33 பாட்டியல்கள் கொண்டது. தட்டும் அம்மூன்றையும் வரிசையாகச் செல்கிறது. பகுதி மாறுமிடங்களில் குறுகிய முன்னிசைகள் நிற்கின்றன. ஆயின் அளவை நோக்குக. கழுவாய் மலையின் உச்சியில் உள்ள யூனோயே ஆற்றின் பெயர் தாங்கிய முன்னிசைக்குப் பின், மற்றுமொரு முன்னிசை நீங்கலாக, இரண்டே பாடல்கள் உள்ளன. தாந்தே துறக்கத்திற்கும் நரகத்திற்கும் ஏறத்தாழ ஒத்த இடம் அளித்தார். இசைக்குழுவினரால் அது இயலவில்லை. நரகத்தைப் பாடப் பிறந்த குரல் ஒளியைப் பாடுங்கால் தயங்குகிறது. இது குழுவினரின் குறையன்று, கருவியின் எல்லை.

சொல் கேளாமை

இனி முதல் வினாவிற்கு வருவோம். உறுமற் குரலில் சொல் கேளாது என்பது மெய்யே. ஆயின் தட்டோடு பாடல் ஏடும் தரப்படுதலின், சொல் செவியினின்று கண்ணுக்கு மாறுகிறதேயன்றி மறைந்தொழிவதில்லை. கேட்போர் ஏட்டை வாசித்துக்கொண்டே கேட்கின்றனர். அவருட் சிலர் ஏட்டினின்று முதல்நூலுக்கும் செல்வர். இஃது ஒரு விடை. வலிய விடை பிறிதொன்று உண்டு: கதையைச் சொல் தாங்காதபொழுது நடையும் நீளமும் வரிசையும் அதனைத் தாங்க வேண்டும். கேமல் குழுவின் தட்டு ஒரு சொல்லும் இன்றிக் கதை கூறிற்று. ஆகாப் குழுவின் தட்டில் கடலின் அகற்சியை உணர்த்துவது விளம்பநடையே. அந்நடையை விரைவுபடுத்தின் மெல்வில் கதை அங்கு நில்லாது. மாறாக, தலைப்பை மாற்றினும் இசையில் ஒன்றும் குறையாதெனின், அத்தட்டு பேரிலக்கியத்தின் பெயரை மட்டுமே கடன் வாங்கியது என்க.

இழப்பும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. ‘மோபி டிக்’ அச்சம் மட்டும் தருவதன்று, நகையும் தருவது. திமிங்கிலங்களை அச்சுநூலின் அளவுபோல் வகைப்படுத்தும் முப்பத்திரண்டாம் அதிகாரமும், ஓவியர்களின் பிழைகளை எள்ளும் ஐம்பத்தைந்தாம் அதிகாரமும் அதற்குச் சான்று. அவ்வெள்ளலுக்கு இரு தட்டுகளிலும் இடமில்லை. இஷ்மேலின் குரல் தாழ, ஆகாபின் குரலே ஓங்குகிறது. இலண்டன் பதிப்பில் அச்சுப்பிழையால் மறைந்த கதைசொல்லி, இவ்விசையின் இயல்பால் மீண்டும் மறைகின்றான்.

சிங்கப்பூரில் 1992இல் எழுந்த ருத்ரா குழு இவ்விழப்பிற்கு ஒரு மாற்று வழி கண்டது. இந்திய வம்சாவழியினரான இக்குழுவினர் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரமவித்யா’ என்னும் தலைப்பில் வேதாந்தப் பொருளை மூன்று டெத் மெட்டல் தட்டுகளாக அளித்தனர். உறுமலோடு வடமொழி ஓதலையும் சேர்த்தனர். ஆதலின் முதல்நூலின் ஒலி அதன் மொழியிலேயே செவிக்கு எட்டுகிறது.

முடிவு

இவற்றால் மூன்று செய்திகள் போதரும். ஒன்று, முதல்நூலின் பெயரைச் சூடுதலால் ஓர் இசைத்தட்டு வழிநூல் ஆகாது. அதன் அமைப்பு முதல்நூலை வேண்டி நிற்க வேண்டும். இரண்டு, சொல் மறைந்த இடத்தில் நடையும் நீளமும் பொருள் உணர்த்தும். அவற்றை ஆராயாது இவ்விசையை இரைச்சல் என ஒதுக்குதல் ஆராய்ச்சியாகாது. மூன்று, ஒவ்வொரு கலையும் முதல்நூலின் ஒரு பகுதியையே ஏற்கவல்லது. எதனை ஏற்றது என்பதோடு எதனை விட்டது என்பதையும் கூறுதல் நம் கடன்.

மெல்வில் நூல் ஒருமுறை அச்சில் முடிவிழந்தது. ஒருமுறை மக்கள் நினைவில் மறைந்தது. இரண்டிலிருந்தும் அது மீண்டது, பின்வந்தோர் அதனை மீண்டும் எடுத்துப் படித்ததனால் ஆகும். உறுமற் குரலில் ஆயினும், அங்ஙனம் படித்தவருள் இவ்விசைக்குழுவினரையும் சேர்த்து எண்ணுதல் தகும்.