உடம்பால் பண்பாட்டைப் படிக்க முடியுமா? மானுடவியலாளர்கள் செய்வது இதைத்தான்!

ஒரு ஊரின் பண்பாட்டை ஆய்வு செய்யப் போகும் மானுடவியலாளர் கையில் என்ன இருக்கும்? நோட்டு, பேனா, ரெக்கார்டர். ஆனால் எல்லாவற்றையும் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. சைக்கிள் ஓட்டுகிறவரிடம் 'எப்படி பேலன்ஸ் பண்றீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். 'அது தானா வருதுங்க' என்பார். அந்த 'தானா வருவதை' பிடிக்கத்தான் ஆய்வாளர்கள் தங்கள் உடம்பையே களத்தில் இறக்குகிறார்கள்.

ரிங்குக்குள் இறங்கிய ஆய்வாளர்

பிரான்ஸைச் சேர்ந்த லோயிக் வக்கான் ஒரு சமூகவியலாளர். 1988-இல் சிகாகோவின் தெற்குப் பகுதியில், கறுப்பினத்தவர் வாழும் வட்டாரத்தில் இருந்த குத்துச்சண்டை ஜிம்மில் சேர்ந்தார். அந்த வட்டாரத்தைப் புரிந்துகொள்வதே முதல் நோக்கம். ஆனால் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் பயிற்சி எடுத்து, 1990-இல் கோல்டன் கிளவ்ஸ் போட்டியிலும் மோதினார்.

வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் முரட்டுத்தனம். உள்ளே போனால் சாப்பாடு முதல் தூக்கம் வரை அவ்வளவு கட்டுப்பாடு! பயிற்சியில் எதிரே நிற்பவரை எவ்வளவு வேகமாக அடிக்கலாம் என்பதற்குக்கூட எழுதப்படாத அளவு உண்டு. அதை யாரும் வாயால் சொல்லித் தருவதில்லை. அடி வாங்கித்தான் பழக வேண்டும்.

சபரிமலை காட்டு வழியில்

இலங்கையில் பிறந்த மானுடவியலாளர் வாலன்டைன் டேனியல், தமிழ்நாட்டுக் கிராமத்தினருடன் வெறுங்காலில் சபரிமலைக்கு நடந்தார். 1984-இல் வெளியான 'ஃப்ளூயிட் சைன்ஸ்' நூலில் அதை எழுதியிருக்கிறார். முதலில் கல் குத்துவது, கொப்புளம் என ஒவ்வொரு வலியும் தனித்தனியாகத் தெரிகிறது. போகப்போக எங்கே வலிக்கிறது என்றே பிரிக்க முடியவில்லை. அந்த வலி கடைசியில் அன்பாகவே மாறிவிடும் என்றார்கள் பக்தர்கள். வீட்டுத் திண்ணையில் பேட்டி எடுத்திருந்தால் இது வெறும் பக்திப் பேச்சாகவே பதிவாகியிருக்கும்.

இதை அப்படியே நம்பலாமா?

இங்கேதான் சிக்கல். ஆய்வாளருக்கு வலித்ததும் பக்தருக்கு வலித்ததும் ஒன்றா? ஜிம்மை விட்டால் வக்கானுக்குப் பல்கலைக்கழகம் இருந்தது. கூடப் பயிற்சி எடுத்தவர்களில் பலருக்கு அப்படி ஒரு வழி இல்லை. இன்னொன்று, யாருடைய உடம்பு என்பதும் முக்கியம். அன்றைய வழக்கப்படி, ஒரு இளம்பெண் ஆய்வாளர் அந்தச் சபரிமலைப் பயணத்தை முடித்திருக்கவே முடியாது.

அதனால்தான் உடம்பு சொன்னதை மட்டும் வைத்து யாரும் முடிவுக்கு வருவதில்லை. வக்கான் ஒவ்வொரு நாள் பயிற்சி முடிந்ததும் குறிப்பு எழுதினார். டேனியல் தன் வலியோடு நிறுத்தாமல், கூட நடந்தவர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்றும் கேட்டார்.