எட்டாத சுவிட்சும் சொல் கேட்கும் ரிமோட்டும்: லயன் வீட்டில் குரல்வழிக் கட்டுப்பாடு

காலைப் பெரட்டுக்கு ஆட்கள் புறப்பட்டுப் போன பிறகு லயம் அடங்கிவிடும். கொழுந்து நிறுத்து முடிந்து அவர்கள் வீடு திரும்ப மாலையாகும். அதுவரை வீட்டில் இருப்பவர் நடக்க முடியாதவர், இரு கைகளையும் இழந்தவர், அல்லது கழுத்துக்குக் கீழே உணர்வற்றவர் என்றால், சுவரில் நான்கடி உயரத்தில் இருக்கும் சுவிட்ச் அவருக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. பனி இறங்கி மூன்று மணிக்கே அறை இருண்டாலும், யாராவது வந்து விளக்கைப் போடும்வரை அவர் இருட்டில்தான் இருக்க வேண்டும்.

மலையகத்துக்கும் போர்க் காயத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்முறைகளுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் குடியேறிய மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பல. அங்கே அவர்கள் போரின் முழுச் சுமையையும் சுமந்தார்கள். 2009க்குப் பின் காயங்களோடு ஹட்டன், நுவரெலியா பக்கத்து உறவுகளிடம் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். வன்னியில் இருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் பெரும்பகுதி பொருந்தும்.

குரலால் டீவியையும் விளக்கையும் இயக்கும் ‘ஸ்மார்ட் ரிமோட்’ பெரும்பாலும் வசதியானவர்களின் விளையாட்டுப் பொருளாகவே விளம்பரப்படுத்தப்படுகிறது. அதை உண்மையில் தேவைப்படுகிறவரின் வீட்டில், அதுவும் ஒரு லயன் வீட்டில், எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இங்கே பார்க்கப்படுகிறது.

போர்க் காயத்தில் பிறந்த எண்ணம்

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் முள்ளந்தண்டு காயப் பிரிவைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த சிப்பாய்களுக்காகத் தொடங்கப்பட்ட பிரிவு அது. அங்கே தொண்டராக வந்துபோன ரெஜ் மேலிங் என்பவர் 1960ஆம் ஆண்டளவில் ‘பொஸம்’ என்ற கருவியை உருவாக்கினார். நோயாளி ஒரு குழாயை வாயில் வைத்து ஊதியும் உறிஞ்சியும் விளக்கு, அழைப்பு மணி, வானொலி போன்றவற்றைத் தானே இயக்கலாம். லத்தீன் மொழியில் ‘பொஸம்’ என்றால் ‘என்னால் முடியும்’ என்று பொருள்.

அமேசானின் எக்கோ ஒலிபெருக்கி 2014இலும் கூகுள் ஹோம் 2016இலும் வெளிவந்தன. மூச்சு செய்த வேலையைக் குரல் செய்யத் தொடங்கியது.

எப்படி வேலை செய்கிறது

சாதாரண டீவி ரிமோட் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரை அனுப்புகிறது. பெரும்பாலான ரிமோட்டுகளில் அந்தக் கதிர் விநாடிக்குச் சுமார் 38,000 தடவை துடிக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்பது அந்தத் துடிப்புகளின் நீளத்திலும் இடைவெளியிலும் குறியீடாக இருக்கிறது.

ஸ்மார்ட் ரிமோட் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பெட்டி. பழைய ரிமோட்டை அதன் முன்னால் காட்டிப் பொத்தானை அழுத்தினால் குறியீட்டைக் கற்றுக்கொள்ளும். பிறகு கைத்தொலைபேசிச் செயலியிலிருந்தோ ஒலிபெருக்கியிலிருந்தோ கட்டளை வரும்போது அதே கதிரைத் தானே வீசும். புரோட்லிங்க், சுவிட்ச்பொட் போன்ற நிறுவனங்களின் பெட்டிகளும், டூயா செயலியில் இயங்கும் பல பெயர்களைக் கொண்ட மலிவான பெட்டிகளும் சந்தையில் உள்ளன.

நீங்கள் சொல்லும் சொல் போகும் வழி நீளமானது. ஒலிபெருக்கி கேட்கிறது, இணையம் வழியாக வெளிநாட்டு சேர்வருக்கு அனுப்புகிறது, அங்கிருந்து ரிமோட் நிறுவனத்தின் சேர்வருக்குப் போகிறது, அது உங்கள் வீட்டு வைஃபைக்குத் திரும்புகிறது, கடைசியில் பெட்டி கதிரை வீசுகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் டீவி அசையாது.

இன்னும் இரண்டு விடயங்களை நினைவில் வைக்க வேண்டும். முதலாவது, இந்தக் கதிர் சுவரைக் கடக்காது. அலமாரியும் துணியும் மறைத்தாலும் நின்றுவிடும். முன்னறையில் வைத்த பெட்டி உள்ளறை டீவியை இயக்காது. இரண்டாவது, பெட்டி கட்டளையை அனுப்பும், பதிலை வாங்காது. டீவி இப்போது ஓடுகிறதா நிற்கிறதா என்று அதற்குத் தெரியாது. பல டீவிகளில் போடுவதும் அணைப்பதும் ஒரே பொத்தான் என்பதால், ‘போடு’ என்று இரண்டு முறை சொன்னால் இரண்டாம் முறை அணைந்துவிடும். கண்பார்வை இழந்த ஒருவர் இதைப் பயன்படுத்தும்போது சத்தத்தை வைத்தே நிலைமையை அறிய வேண்டியிருக்கும்.

லயன் வீட்டில் எதற்கு உதவும்

கொழும்பில் இந்த ரிமோட்டை வாங்குபவர்கள் முதலில் இணைப்பது குளிரூட்டியை. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கும் நுவரெலியாவில் அதற்கு வேலை இல்லை. லயன் வீட்டில் ரிமோட்டால் இயங்குபவை பெரும்பாலும் டீவியும் டிஷ் பெட்டியும்தான். அவை இரண்டையும் ஒரே சொல்லால் போடவும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும், செய்தி அலைவரிசைக்கு மாறவும் ஒரு ஸ்மார்ட் ரிமோட் போதும்.

விளக்குக்கு ரிமோட் உதவாது. அதற்கு ஸ்மார்ட் மின்குமிழ் வேண்டும். நம் வீடுகளில் அதிகம் இருக்கும் இரண்டு ஊசி ஹோல்டருக்கு ‘பி22’ என்று குறிப்பிட்ட குமிழைக் கேட்டு வாங்குங்கள். அதைப் பொருத்திய பிறகு சுவர் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் யாராவது அணைத்துவிட்டால் குரலுக்கு விளக்கு எரியாது. சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவது நல்லது.

சுவரில் ஸ்மார்ட் சுவிட்ச் பொருத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கு நியூட்ரல் கம்பி தேவை; பழைய வயரிங்கில் சுவிட்ச் பெட்டிக்குள் அது இருப்பது அரிது. தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான கட்டடத்தில் வயரிங்கை மாற்றுவதும் எளிதல்ல. அதற்கு ஒரு மாற்று, சுவிட்சின் பக்கத்தில் ஒட்டிவைக்கும் சின்ன இயந்திர விரல். கட்டளை வந்ததும் அது சுவிட்சைத் தட்டும். சுவிட்ச்பொட் நிறுவனத்தின் விரல் பற்றரியில் இயங்குகிறது. கம்பியைத் தொடத் தேவையில்லை. குரலில் இயக்க அதே நிறுவனத்தின் ஹப் பெட்டியும் வேண்டும். அந்த ஹப் ரிமோட்டாகவும் வேலை செய்யும்.

சாதாரண ரைஸ்குக்கரை ஸ்மார்ட் செருகியில் இணைத்தால் சோறு வேகாது. கைப்பிடியைக் கீழே அழுத்தினால்தான் அது சமைக்கத் தொடங்கும். மின்சாரம் மட்டும் வந்தால் சூடாக வைத்திருக்கும், அவ்வளவுதான்.

அறை ஹீட்டர், தண்ணீருக்குள் போடும் கொயில், கேத்தல் ஆகியவற்றைக் குரலில் இணைக்கவே வேண்டாம். 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். மலிவான செருகியும் பழைய வயரும் மணிக்கணக்கில் அதைத் தாங்குவது சந்தேகம். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவருக்குக் காலில் சூடு தெரியாது. தோல் வெந்த பிறகுதான் கண்ணில் படும். உடல் வெப்பத்தைச் சீராக வைப்பதும் அவர்களில் பலருக்குக் கடினம் என்பதால் தை மாதக் குளிரில் ஹீட்டர் தேவைப்படுவது உண்மை. அதைப் போடும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

தமிழில் சொன்னால் கேட்குமா

அலெக்சாவின் மொழிப் பட்டியலில் ஆங்கிலமும் ஹிந்தியும் இருக்கின்றன; தமிழ் இல்லை. கூகுளின் வீட்டு ஒலிபெருக்கிகளும் தமிழில் கட்டளை ஏற்கும்படி வரவில்லை. இத்தனைக்கும் தமிழ்க் குரலைப் புரிந்துகொள்ளும் நுட்பம் இல்லாமல் இல்லை. கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழையும் சிங்களத்தையும் 2017 ஓகஸ்டிலேயே சேர்த்துவிட்டது. 2022இல் ஓப்பன் ஏஐ நிறுவனம் இலவசமாக வெளியிட்ட ‘விஸ்பர்’ மென்பொருளும் தமிழ் அறியும்.

அதுவரைக்குமான வழி, நாம் ஏற்கெனவே தமிழோடு கலந்து பேசும் சொற்களைப் பயன்படுத்துவதுதான். ‘டீவி ஓன்’, ‘லைட் ஓஃப்’ என்று சொல்லாத வீடு தோட்டத்தில் இல்லை. அமைக்கும்போது ‘ஆங்கிலம் – இந்தியா’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். நம் உச்சரிப்புக்கு அது நெருக்கமானது. ஒவ்வொரு பொருளுக்கும் பெயரை நீங்களே வைக்கலாம். மூச்சு வலு குறைந்தவருக்கு நீளமான பெயர் சுமை. ‘ரோசா’, ‘மாலா’ போல ஈரெழுத்துப் பெயர்களை வைத்துப் பாருங்கள். ஒன்றுபோல ஒலிக்கும் இரண்டு பெயர்கள் வேண்டாம். பெயர்களைத் தேர்ந்தெடுப்பவர் அதைப் பயன்படுத்தப் போகிறவராகவே இருக்கட்டும். அவர் படுத்திருக்கும் இடத்திலிருந்து, அவருடைய குரலில், டீவி ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்லிப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு

இந்தப் பொருட்கள் பல வீடுகளுக்கு உறவினரின் பொதியில்தான் வருகின்றன. இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட். கனடாவில் விற்கும் ஸ்மார்ட் செருகியும் மின்குமிழும் 120 வோல்ட்டுக்கானவை. இங்கே பொருத்தினால் எரிந்துபோகும், தீப்பிடிக்கவும் கூடும். இலண்டனில் வாங்கும் 13 அம்பியர் சதுர ஊசிச் செருகி நம் புதிய குதைகளுக்கு அப்படியே பொருந்தும். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் நாடுகளில் மின்னழுத்தம் ஒன்றுதான். ஊசியின் வடிவம் மட்டும் வேறு. ஸ்மார்ட் ரிமோட் பெட்டி 5 வோல்ட் யூஎஸ்பியில் இயங்குவதால் எந்த நாட்டிலிருந்தும் அனுப்பலாம். பெரும்பாலான பெட்டிகள் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும் என்பதையும் ரவுட்டரை அமைப்பவருக்குச் சொல்லிவிடுங்கள்.

மின்சாரம் போனால்

காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் தண்ணீர் லக்சபான தொகுதியில் மின்சாரமாகிறது. தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலை நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது. நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கும் இந்த மலைகளில் ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் லயம் இருண்டுவிடுகிறது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை.

மின்சாரம் போனால் ரவுட்டரும் ஒலிபெருக்கியும் சேர்ந்தே போகும். ரவுட்டருக்கான சின்ன யூபிஎஸ் ஒன்று சில மணி நேரம் இணையத்தைக் காக்கும். சில ஸ்மார்ட் குமிழ்கள் மின்சாரம் திரும்பியதும் தாமாகவே முழு வெளிச்சத்தில் எரியும். நள்ளிரவில் அது நடக்காதிருக்கச் செயலியில் ‘முன்பிருந்த நிலை’ என்ற தெரிவை வைக்கலாம்.

ஆனால் உயிரோடு தொடர்புள்ள எதையும் இந்தச் சங்கிலியில் கட்டக் கூடாது. அவசரத்தில் ஒலிபெருக்கி 1990 அம்பியூலன்ஸை அழைத்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். பற்றரியில் ஓடும் சாதாரண வயர்லெஸ் அழைப்பு மணியின் பொத்தானை அவருடைய முழங்கையோ கன்னமோ படும் இடத்தில் பொருத்தி, மணியைப் பக்கத்து வீட்டில் வைப்பது இணையம் இல்லாமலே வேலை செய்யும். பகலில் ஆள் இருக்கும் வீடு எது என்று பார்த்து வைக்க வேண்டும்.

வீட்டுக்குள் ஒரு மைக்

யார் கேட்கிறார்கள் என்று பார்த்துப் பேசிய காலம் நம் வீடுகளில் இன்னும் பழையதாகவில்லை. இந்த ஒலிபெருக்கி தன் பெயரைக் கேட்க எப்போதும் காதைத் திறந்து வைத்திருக்கிறது. பெயரைக் கேட்டபின் சொல்வதை சேர்வருக்கு அனுப்புகிறது. எக்கோ ஒலிபெருக்கிகளில் குரல்பதிவை அனுப்பாமல் இருக்கச் சில பயனர்களுக்கு இருந்த தெரிவை அமேசான் 2025 மார்ச்சில் நீக்கிவிட்டது. பிள்ளைகளின் குரல்பதிவுகளை வைத்திருந்த வழக்கில் அதே நிறுவனம் 2023இல் அமெரிக்காவில் 25 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது.

ஆகவே வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். பதிவுகளைச் செயலியில் அவ்வப்போது அழிக்கலாம். மைக்கை அணைக்கும் பொத்தான் ஒலிபெருக்கியிலேயே உண்டு. ஆனால் கை இல்லாதவரால் அதை அழுத்த முடியாது. விருந்தாளி வரும்போது அணைக்கவும் போனபின் போடவும் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். முதலில் வீட்டில் உள்ள கைத்தொலைபேசியைப் பாருங்கள். ஷாவ்மியின் பல தொலைபேசிகளில் செங்கீழ்க் கதிர் ரிமோட் உள்ளேயே இருக்கிறது. விரல் அசைபவருக்கு அதுவே போதும். அடுத்தது ஒரு மின்குமிழ். ஒரு மாதம் அது சரியாக எரிந்த பிறகு ஸ்மார்ட் ரிமோட்டும் ஒலிபெருக்கியும். ஒவ்வொன்றையும் வீட்டில் ஆள் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் பழகிப் பாருங்கள்.

இதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்கான ‘உயிரிழை’ அமைப்பு மாங்குளத்தில் இயங்குகிறது. தங்கள் உடலோடு வாழப் பழகியவர்களின் அனுபவம் எந்தக் கையேட்டையும் விடப் பயனுள்ளது. இலங்கையில் வலுவிழந்தோர் உரிமைகளுக்கான சட்டம் 1996இல் வந்தது. ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. உதவிக் கருவிகள் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்று அந்தச் சமவாயம் சொல்கிறது. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் சக்கர நாற்காலிக்கு எழுதும் விண்ணப்பத்தில், சுவிட்சுக்கு எட்டாத கையைப் பற்றியும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். மறுத்தாலும், அப்படி ஒரு தேவை இருப்பது அங்கே பதிவாகும்.

மாலையில் கொழுந்துக் கூடையோடு திரும்பி வருகிற தாய் தூரத்திலிருந்தே தன் வீட்டில் விளக்கு எரிவதைப் பார்க்க முடிந்தால், மகன் இன்று இருட்டில் காத்திருக்கவில்லை என்பது அவருக்கு வாசலுக்கு வருமுன்பே தெரிந்துவிடும்.