துணிக்கூரைச் சிறுகார்

இத்தாலி நாட்டின் டூரின் நகரில் 1957ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஃபியட் நிறுவனம் ‘நுவோவா 500’ என்னும் சிறுகாரை வெளியிட்டது. அதுவரை ஸ்கூட்டரிலேயே சென்றுவந்த குடும்பங்களை மனத்திற்கொண்டு தாந்தே ஜியாகோசா என்னும் பொறியியல் வல்லுநர் அதனை அமைத்தார். நீளம் மூன்று மீட்டருக்கும் குறைவு, கதவுகள் இரண்டே. பின்புறத்து எஞ்சின் காற்றினால் குளிர்வது. ஆற்றல் 13 குதிரைத் திறன்.

கூரை துணியாலானது, பின்புறம் வரை சுருட்டிவிடலாம். உல்லாசச் சவாரிக்கான ஏற்பாடு என்று நேயர்கள் எண்ணக்கூடும். உண்மையில் அது சிக்கனமே. எஃகு மிச்சமாயிற்று, எடை குறைந்தது, இரட்டைச் சிலிண்டரின் இரைச்சலும் உள்ளே முழங்காமல் மேலே வெளியேறிற்று.

ஆயினும் தொடக்கத்தில் விற்பனை மந்தமாகவே இருந்தது. பின்புறத்தில் மெத்தையில்லாத பலகை. பக்கக் கண்ணாடிகளோ இறங்கமாட்டா. எளியவன் குறைந்த விலையை விரும்புவானேயன்றித் தன் எளிமையைப் பறைசாற்றும் வண்டியை விரும்புவானா? இக்குறைகளைச் சில மாதங்களிலேயே நிறுவனம் களைந்தது.

1960இல் எஞ்சினைப் படுக்கவைத்துச் சாமானுக்கு இடம் கண்ட ‘ஜார்தினியேரா’ வந்தது. 1965இல் ‘எஃப்’ வகையில் கதவுக் கீல்கள் முன்பக்கம் மாறின. நல்ல மாற்றம், பழைய கதவு ஓட்டத்தில் திறந்துகொண்டால் காற்றே அதனை அகல விரித்துவிடும்.

உற்பத்தி 1975இல் நின்றது. 2007இல் அப்பெயரிலேயே புதுக்கார் பிறந்தது. 2009இல் அதற்கு மின்விசையால் மடியும் துணிக்கூரையும் வந்தது. இம்முறை அக்கூரைக்குத் தனியே கூடுதல் விலை!